பழைய ஜீப்பின் வயதை அடியில் படுத்துப் பாருங்கள்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் நகரத் தொடங்கிவிடும். ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்பக்கம் திரும்பும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்கள். கம்பத்துக்காரர்கள் கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூர்க்காரர்கள் குமுளி வழியாகவும் ஏறுகிறார்கள். தார் ரோடு உள்ளமட்டும் எந்த வண்டியும் ஏறும். ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குள் திரும்பிவிட்டால் கதையே வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுமார் 7,900 அடி உயரத்தில், தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டிப் பாதை இருப்பது கேரளப் பக்கம் மட்டும்தான். அதுவும் பாறையும் உருண்டைக் கல்லுமான பாதை. அங்கே ஜீப்தான் பஸ், ஜீப்தான் லாரி, ஜீப்தான் ஆம்புலன்ஸ்.

இந்த மலைகளில் ஓடும் ஜீப்புகள் பலவும் அவற்றை ஓட்டுகிறவர்களைவிட வயதில் மூத்தவை. அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறார். காகிதக் கணக்குப்படி இவற்றில் பல எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தினமும் ஏறி இறங்குகின்றன.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. மகிந்திரா எம்எம் 540, டீசல். பல வருடங்களாக அதன் அடியில் படுத்து எழுந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. இந்த ஜாதி வண்டிகளுக்கு வயதாவது வருடக் கணக்கில் அல்ல. எண்ணெய் பார்க்காமல் விட்ட மாதங்களிலும், சேறு கழுவாமல் நிறுத்திய இரவுகளிலும்தான் வயது ஏறுகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்ட 40 வயது ஜீப்பும் உண்டு, கவனிப்பில்லாமல் 12 வயதிலேயே முடிந்துபோன ஜீப்பும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கழற்றி மாட்டப் பிறந்த வண்டி

ஜீப் போருக்காகச் செய்யப்பட்ட வண்டி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. 80 அங்குல வீல்பேஸ், 2,199 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. போர்முனையில் பழுதானால் சிப்பாயே சாதாரண ஸ்பானர்களை வைத்துக்கொண்டு சரிசெய்ய முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படைத் தேவை. அந்தத் தேவைதான் இன்றைக்கு நம் ஊர் மெக்கானிக்குக்கு உதவுகிறது.

போர் முடிந்த கையோடு, 1940-களின் பிற்பகுதியில், பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் பாகங்களை இறக்குமதி செய்து பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. உயரமான பானெட்டோடு நம் நினைவில் இருக்கும் அந்தப் பழைய ஜீப், சிஜே 3பி. வால்வு அமைப்பு மாறிய ஹரிக்கேன் இன்ஜினின் தலை உயர்ந்துபோனதால் பானெட்டையும் உயர்த்தினார்கள். சக்தி 75 குதிரையாயிற்று. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை அது தயாரானது. ஜப்பானில் மிட்சுபிஷி அதே குடும்பத்து ஜீப்பை 1998 வரை விடவில்லை. இந்தியாவில் அதன் எலும்புக்கூடு பெயர் மாறி, இன்ஜின் மாறி, நீண்டு, அகலமாகி, தலைமுறை தலைமுறையாக ஓடியது. டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜின் வைத்தார்கள். பிறகு பிரெஞ்சு பியூஜோவின் 2,112 சிசி டீசல் வந்தது. என் 540-இல் இருப்பது இதுதான்.

இவ்வளவு நீண்ட ஓட்டத்தால் நமக்குக் கிடைத்த லாபம் பெரிது. ஆரம்பகால வண்டியின் எத்தனையோ பாகங்கள், அளவு மாறாமலோ சிறிய மாற்றத்தோடோ பின்னால் வந்த வண்டிகளிலும் இருந்தன. அதனால் இன்றும் கிடைக்கின்றன.

அந்தக் குட்டி லிவர்

ஜீப் வாங்கியவர்களில் பலர் சரியாகப் புரிந்துகொள்ளாத விஷயம் ஃபோர் வீல் லிவர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. இன்ஜினின் இழுவையைப் பின் ஆக்ஸிலுக்கு மட்டும் கொடுப்பதா, முன்னாலும் பகிர்வதா என்பது அங்கே முடிவாகிறது. கூடவே 'லோ' என்ற குறைவேக அடுக்கும் உண்டு. போருக்குப் பிந்தைய வில்லிஸ் ஜீப்புகளில் அது வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவுக்குக் கூட்டும்.

வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். ஒரே ஆக்ஸிலின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே வரும் வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்ளும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே அப்படி எதுவும் இந்த வண்டிகளில் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு சக்கரம் லேசாகச் சறுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. அப்போது அந்த முறுக்கம் முழுக்க ஷாஃப்ட்டிலும் ஜாயிண்ட் கிராஸிலும் கியர் பற்களிலும் ஏறிக்கொண்டே போகும். டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும், லிவரை இழுத்தால் வெளியே வராது. வராத லிவரைக் காலால் உதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுங்கள். முறுக்கு விட்டுப்போய் லிவர் தானாகவே இளகி வரும்.

நாலு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு மொட்டை டயர் என்று மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால், நேர்ப்பாதையிலேயே அந்த முறுக்கம் தொடங்கிவிடும்.

இன்னொரு பக்கம், ஃபோர் வீலை வருடக்கணக்கில் தொடாமலேயே வைத்திருக்கிறவர்களும் உண்டு. அதுவும் கெடுதல்தான். முன் சக்கர ஹப்பைப் பூட்டாமலேயே விட்டிருந்தால் முன் ஆக்ஸில் சுழலாது, உள்ளே எண்ணெய் அடியில் தேங்கி நிற்கும். சுழன்றால்தான் அது மேலிருக்கும் பேரிங்குக்கும் பல்லுக்கும் ஏறும். சும்மா கிடக்கும் சீல் காய்ந்து வெடிக்கும். மாதம் ஒரு முறையாவது மண் பாதை பார்த்து, ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள்.

லோ கியரை ஏற்றத்துக்கானது என்று மட்டும் நினைத்தால் அதன் பாதிப் பயனை இழக்கிறீர்கள். கொழுக்குமலை மாதிரிப் பாதையில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். லோவில் முதல் கியரைப் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடாகிப் பிடிமானம் குறைந்து, கடைசியில் பெடல் இருந்தும் பிரேக் இல்லை என்றாகிவிடும். மலையில் அனுபவப்பட்ட டிரைவர்கள் பிரேக்கைக் கடைசித் துணையாக மட்டும் வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

எட்டு இடத்து எண்ணெய்

கார்க்காரருக்கு இன்ஜின் ஆயில் மட்டும் ஞாபகத்தில் இருந்தால் போதும். ஜீப்காரருக்குப் போதாது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல், ஸ்டியரிங் பாக்ஸ், முன் ஆக்ஸிலின் இரு முனைகளிலும் உருண்டையாகத் தெரியும் நக்கிள் இரண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு. பழைய வில்லிஸ் அமைப்பில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு எண்ணெய் நகரும். ஒன்றைத் திறந்து 'சரியாக இருக்கிறது' என்று மூடிவிடக் கூடாது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதிலும் கவனம் வேண்டும். டப்பாவில் '90' என்று போட்டிருந்தால் போதும் என்று எல்லாவற்றிலும் ஒன்றையே ஊற்றுகிறார்கள். கிரவுன்–பினியன் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கி உராய்பவை. அவற்றுக்கு ஜிஎல் 5 தர எண்ணெய் தேவை. அதே எண்ணெயில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அங்கே ஜிஎல் 4 போதும், அதுதான் நல்லது. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பொறுமை இருந்தால் சரி.

ஆறோ ஓடையோ கடந்துவிட்டு வந்தால் மறுநாளே டிஃபரென்ஷியல் எண்ணெயைச் சோதியுங்கள். ஓடி ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுவிடும் துளையான பிரீதர் அடைத்துக் கிடந்தால், அந்தச் சுருக்கம் சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். பிளக்கைத் திறந்ததும் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தால் உடனே முழுக்க வடித்து மாற்றியாக வேண்டும். அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று தள்ளினால் பேரிங்குகள் துருப்பிடித்து, ஆக்ஸிலே ஊளையிடத் தொடங்கிவிடும். காசு செலவில்லாத பிரீதரைச் சுத்தம் செய்யாததற்குக் கிரவுன்–பினியன் விலையைத் தண்டமாகக் கட்டியவர்கள் உண்டு.

பிறகு கிரீஸ். ஷாக்கிள், கிராஸ், ஷாஃப்ட்டின் வழுக்குப் பகுதி, டை ராட் முனைகள் என நிப்பிள் நிப்பிளாகத் தேடிப்போய் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுசின் நிறம் தெரியும்வரை அடிப்பது கணக்கு. இதை நீங்களே செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். கிரீஸ் கன் விலை குறைவு. அதைவிட முக்கியம், அடிக்கும் சாக்கில் வண்டியின் அடியில் ஒவ்வொரு மூலையையும் உங்கள் கண் பார்த்துவிடும். தளர்ந்த யூ போல்ட், கீறல் விட்ட மெயின் பட்டை, ஈரம் கசியும் பிரேக் ஹோஸ் எல்லாம் இப்படித்தான் முதலில் கண்ணில் படும்.

கைபிரேக்கை நம்பாதீர்கள்

பழைய ஜீப்பின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய டிரம்மைப் பிடித்து, பின் ஷாஃப்ட்டை நிறுத்துகிறது. இதை அறியாமல் ஜாக்கி வைத்து அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினால், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் மறுபக்கமும் சுழலலாம். வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். ஜாயிண்ட் கிராஸ் உடைந்துவிட்டாலோ கைபிரேக் இருந்தும் இல்லாததுதான். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக அந்த லைனிங்கில்தான் போய் ஊறும்.

மலை டிரைவர்கள் சீட்டுக்கடியில் ஒரு கட்டை வைத்திருப்பதும், வண்டியை நிறுத்தியதும் கிளீனர் முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் இதனால்தான். சமவெளியில் வைத்திருப்பவர்களும் இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

முன் பிரேக் ஒரு பக்கமாக இழுத்தால் வீல் சிலிண்டரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் நக்கிள் சீலைப் பாருங்கள். அங்கிருந்து கசியும் கிரீஸ் லைனிங்கில் ஏறியிருந்தால், புதுச் சிலிண்டர் மாட்டியும் பயன் இருக்காது. நீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கும் இதே கதைதான். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்து ஆடும். அனுபவித்தவர்களுக்குக் கை நடுக்கம் அடங்க வெகுநேரமாகும். உடனே ஒரு டேம்பரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆட்டம் மறைந்துவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். முதலில் டயர் காற்று, பேலன்ஸ். அடுத்து வீல் பேரிங். பிறகு கிங் பின் பேரிங்குகளின் இறுக்கம், அதை ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிப்படுத்த வேண்டும். டை ராட், ஸ்பிரிங் புஷ் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் தேவைப்பட்டால் டேம்பர் மாட்டிக்கொள்ளுங்கள்.

துருவும் சூடும்

இன்ஜின் போனால் இன்ஜின் கிடைக்கும். சேஸிஸ் போனால் வண்டியே போயிற்று. மேகமலை, வால்பாறை மாதிரி ஈரக் காடுகளில் ஓடும் வண்டிகளில் இலைச்சேறு சேஸிஸின் பெட்டிக்குள்ளும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கருக்கு மேலும், பின் வீல் வளைவுகளுக்குள்ளும் அடைந்து நாள்கணக்கில் ஈரத்தோடு இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று. மேலே மினுங்கும் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல், சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் அங்கே ஒட்டு வேலையோ துருவோ ஒளிந்திருக்கிறது.

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சாந்தக்ஃபூவுக்குப் போகும் லேண்ட் ரோவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1948-இல் அறிமுகமான அந்த வண்டிக் குடும்பத்தின் முதல் தலைமுறை, தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டுப்போனது, 3,636 மீட்டர் உயரத்துக்கு இன்னும் ஆள் ஏற்றிப் போகிறது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். உடம்பு துருப்பிடிக்காது. அங்கேயும் துருப்பிடிப்பது எஃகுச் சேஸிஸ்தான். பல வண்டிகளுக்குள் ஓடுவதும் இந்திய டீசல் இன்ஜின்தான்.

நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவிய கையோடு கழிவு ஆயிலை அடியில் பீய்ச்சிவிடும் வழக்கம் இருக்கிறது. துரு பிடிக்காது என்ற நம்பிக்கை. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ்களும் பிரேக் ஹோஸும் அதில் ஊறி உப்பும், தெறித்தால் பிரேக் டிரம்முக்குள்ளும் போகும், தூசியை ஒட்டவைத்து அடுத்த ஈரத்துக்கு மெத்தை போட்டுக் கொடுக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, துருநீக்கி பிரைமர் அடித்து, சேஸிஸ் பெட்டிக்குள் மெழுகு வகைப் பூச்சு கொடுப்பதுதான் நிற்கும்.

சூட்டு விஷயத்திலும் இப்படி ஒரு தப்பான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வண்டி சூடாகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அனுப்புகிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் மலைக் குளிரில் உரிய வெப்பத்துக்கு வரவே நேரமெடுக்கும். அதுவரை டீசல் சரியாக எரியாமல் புகையும், சிலிண்டர் தேயும், ஆயிலில் கசடு சேரும். சூட்டுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரின் குழாய்களில் படிந்த உப்பு. ஓடைத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் வருடக்கணக்கில் ஊற்றியதன் பலன் அது. என் வண்டியின் பியூஜோ இன்ஜினில் சிலிண்டர் லைனர்களைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கிறது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் லைனரின் வெளிப்புறத்தையே அரித்து, ஒரு நாள் ஆயிலோடு கலக்கும்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதுக் கவலை. 2023-இல் தொடங்கி 2025-க்குள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாம் எத்தனால் என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்யப்பட்டவை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் இப்போது கிடைக்கின்றன, மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்கிறதானால் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள். ஹோஸ் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பார்ட்ஸ் எங்கே?

பழைய ஜீப்புக்குப் பார்ட்ஸ் கிடைக்காது என்பது பாதி உண்மை. 'ஜீப் பார்ட்ஸ்' என்று கேட்டுப் போனால் பல கடைகளில் இல்லை என்பார்கள். பேரிங்கைக் கழற்றித் துடைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள், கிடைக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவு போதும். வண்டியின் பெயரே வேண்டாம். பட்டை ஸ்பிரிங்கை வளைத்துத் தரும் பட்டறைகள் மாவட்டத் தலைநகரங்களில் இன்னும் உள்ளன. லேத்துக்காரர் புஷ் கடைந்து தருவார். சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் கிடைக்காத பழைய பாகம் குறைவு.

சென்னையின் தொழிற்பேட்டைகளுக்கும் இதில் பங்குண்டு. பிஸ்டன்களுக்கு 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர்களுக்கு 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், பிரேக் பாகங்களுக்கு 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா. இந்திய வண்டிகளுக்கான உதிரிபாகத் தொழில் நம் பக்கத்தில் வேர்விட்டு வளர்ந்ததால், ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்து ஆர்மேச்சர் கட்டி மாட்டத் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உருவானார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்.சி. 1960-களைச் சொல்லும், உடம்பு போன வருடம் செய்ததாக இருக்கும். பழைய காகிதத்தை வைத்துப் புதிதாகக் கட்டிய வண்டிகள் சந்தையில் நிறைய. சேஸிஸ் எண்ணை நேரில் தேய்த்துப் படியுங்கள். பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் இன்ஜின் இருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தை ஏற்பதில்லை; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது இந்த ஓட்டையைத்தான். முன் ஆக்ஸில் இருக்கிறதே என்று நம்பியும் வாங்காதீர்கள். உள்ளே ஷாஃப்ட் உருவப்பட்ட ஆக்ஸில்கள் உண்டு. மண்ணில் இறக்கி, ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரம் இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

காகிதத்து வயது

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நான்கு சக்கர வண்டிக்கு 600 ரூபாயாக இருந்த மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அது 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜாகப் பதிந்து 'விஏ' எண் வாங்கலாம்; 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை, வாடகைக்கு ஓட்டவே கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் சேகரிப்பாளருக்கு அது பொருந்தும். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவருக்கு எந்த வகையிலும் உதவாது.

புகை விடும், பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலைப்பாதையில் அது கொலைக்குச் சமம். ஆட்களை அடைத்து ஏற்றுவதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். சோதனை கடுமையாக இருக்கட்டும். ஆனால் வயதுக்காகவே கட்டணத்தை ஏற்றுவது சோதனையாகாது. பிரேக்கைப் பார்க்கட்டும், சேஸிஸைத் தட்டட்டும், புகையை அளக்கட்டும். தேறினால் 30 வயது வண்டிக்கும் 16 வயது வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் நியாயம். பழைய வண்டியை உடைத்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறது 2021-இன் கழிவு வாகனக் கொள்கை. உடைப்பதற்குக் கிடைப்பது புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம். மீதிக்குக் கடன். நன்றாக ஓடும் ஜீப்பைக் கொடுத்துவிட்டு அந்தக் கடனில் இறங்கும்படி ஒரு தோட்டத்து டிரைவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கை மாறும் ஏடு

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை மெக்கானிக்குகள். கிங் பின்னில் ஷிம் வைத்து, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து இறுக்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் முதுமையை எட்டிவிட்டார்கள். கிரவுன்–பினியனில் நிறம் பூசி, பல் எங்கே பதிகிறது என்று பார்த்து இடைவெளி வைக்கும் வேலையை இன்றைய பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர்கள் கம்ப்யூட்டர் மாட்டிப் பழுது பார்க்கப் பழகியவர்கள். அதில் குற்றமில்லை, அவர்களிடம் வரும் வண்டிகள் அப்படி. ஆனால் மலையில் ஓடும் ஜீப்புகள் ஓடும்வரை இந்தக் கைவேலையும் இருந்தாக வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் டீக்கடையில் உட்கார்ந்து நேரம் போக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டறைக்கு வரும் பையனையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். வேலையை முடித்து அனுப்ப வேண்டிய அவசரம்தான் மூத்த மெக்கானிக்கின் வாயை அடைக்கிறது. அந்த அவசரத்தை வண்டிக்காரர் நினைத்தால் நீக்க முடியும்.

ஓர் ஏடும் போடுங்கள். எந்தத் தேதியில் எந்த எண்ணெய், எத்தனை லிட்டர். ஒவ்வொரு பேரிங்கின் எண்ணும், ஒவ்வொரு சீலின் மூன்று அளவும். இடது கிங் பின்னில் மேலே எத்தனை ஷிம், கீழே எத்தனை. எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர், எது இடம்புரி. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கடைசியாகப் பிரித்தது யார், எந்தப் பட்டறை. வயரிங் மாற்றியிருந்தால் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று கையால் ஒரு படம். என் வண்டியை எனக்கு முன்பு வைத்திருந்தவர் இப்படி எழுதிய சில பக்கங்களை சீட்டுக்கடியில் விட்டுப் போயிருந்தார். முன் ஹப்பைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் மாட்டுகிறேன். அதற்குக் கீழே என் பக்கங்கள் தொடர்கின்றன. இந்த மழைக்காலம் முடிந்ததும் பின் ஆக்ஸில் சீல் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கடைசி வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.